வாண்டா காவல் காத்த ஜப்பான் கார்

பெற்ற அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, சொந்தத் தம்பியின் காரை இழுவை லாரி வைத்து இழுத்துப் போகச் சொன்னவள் வாண்டா ரிபிட்ஸ்கி. இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. கையில் உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் ஜன்னலோரம் நின்று நானே பார்த்தேன். அன்றைக்கு அடைத்துப்போன வாய் எனக்கு இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

என் பெயர் ஒடெஸா ப்ரூயிட். டெஸ்ஸா என்று கூப்பிடுவார்கள். மிச்சிகனில் ஹார்ட்வெல் ஊர்க் கார் தொழிற்சாலையில் சீட் மாட்டுகிற இடத்தில், வண்டிக்கு வலது பக்கம் நான், இடது பக்கம் வாண்டா. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே காருக்குள் இரண்டு பக்கமும் தலையை நுழைத்து வேலை செய்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர் முகத்தைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. வாய்க்கு வந்தபடி திட்டவும் பாத்தியதை உண்டு.

போலந்துக்காரக் குடும்பம். அவள் அப்பா அதே தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் இருந்தவர். பள்ளிக்கூடம் முடித்த கோடையிலேயே வாண்டாவும் உள்ளே வந்துவிட்டாள். கட்டிக்கொண்டவன் ஒருத்தன் இருந்தான். ஃப்ளோரிடாவுக்கு மீன்பிடிக்கப் போய்வருகிறேன் என்று கிளம்பியவன், இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறான். பிள்ளை குட்டி இல்லை. தொழிற்சாலை, சங்கம், தம்பி லென்னி, இவ்வளவுதான் அவளுக்கு.

சங்கத்தில் அவளுக்குக் காவல் பொறுப்பு. கூட்டம் நடக்கும்போது கதவில் நின்று ஆள் பார்த்து உள்ளே விட வேண்டும். வாசலில் வண்டிகள் நிற்கிற இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு பலகை உண்டு. வெளிநாட்டுக் கார்கள் சொந்தக்காரர் செலவில் இழுத்துச் செல்லப்படும் என்று எழுதியிருக்கும். மற்ற ஊர்ச் சங்கங்களிலும் இப்படிப் பலகை உண்டு, ஆனால் சும்மா பயமுறுத்துவதற்கு. எங்கள் ஊரில் வாண்டா இருந்தாள். பீட்சா கொண்டுவந்தவனின் வண்டியை இழுத்தாள். பாதிரியாரின் தங்கை வண்டியை இழுத்தாள். லாரிக்கார கஸ்ஸுக்கு சங்கத்தால் நல்ல பிழைப்பு.

லென்னி அவளுக்கு நாலு வயசு இளையவன். தொழிற்சாலைக்கு வராமல் சொந்தமாகப் பட்டறை வைத்தான். இருபது பேர் வேலை பார்த்தார்கள். சீட்டைத் தரையோடு பிடித்து நிறுத்துகிற இரும்பு பிராக்கெட் செய்து எங்கள் கம்பெனிக்குத்தான் கொடுத்தான். நாங்கள் மாட்டுகிற ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில் லென்னியின் பிராக்கெட் இருக்கும். போல்ட்டை முடுக்கிவிட்டு வாண்டா அதை ஒரு தட்டுத் தட்டுவாள், பெற்ற பிள்ளையை முதுகில் தட்டுகிற மாதிரி.

கம்பெனி வருஷா வருஷம் அவனைக் கூப்பிட்டு விலையைக் குறை என்று சொன்னது. அவனும் குறைத்தான். பிறகு ஒரு நாள் உன்னுடையது வேண்டாம், கடல் கடந்து இதைவிட மலிவாக வருகிறது என்று சொல்லிவிட்டது. 2005 வசந்தத்தில் பட்டறையை மூடினான். ஹார்டுவேர் கடையில் சாவி வெட்டிக் கொடுக்கிற வேலைக்குப் போனான். இருந்த வண்டியை விற்றுவிட்டு, ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினான். வேண்டுமென்றே வாங்கினானா, கையில் இருந்ததற்கு அதுதான் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. வாண்டாவின் வீட்டுக்கு வரும்போது தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வருவான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவர்கள் அப்பா இறந்தார். பிப்ரவரி மாசம், எலும்பு உறைகிற குளிர். அடக்கம் முடிந்து எல்லாருக்கும் சாப்பாடு சங்கக் கட்டடத்தில். எங்கள் ஊரில் கல்யாணமோ சாவோ சாப்பாடு அங்கேதான். லென்னி அன்றைக்குத் தெருமுனையில் நிறுத்தவில்லை. நேரே உள்ளே ஓட்டிவந்து பலகைக்குக் கீழேயே நிறுத்தினான்.

வாண்டா கறுப்பு உடுப்போடு ஜன்னலில் நின்று பார்த்தாள். அறையில் இருந்த அத்தனை ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் போய்த் தொலைபேசியை எடுத்தாள். பூக்கடைக்கு ஏதோ சொல்லப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

கஸ் கொக்கியை மாட்டிய பிறகுதான் லென்னி வெளியே ஓடினான்.

"வாண்டா, என் கோட்டு அந்த வண்டிக்குள்ள இருக்கு."

"கஸ், கோட்ட எடுத்துக் குடுத்துட்டு இழு," என்றாள் இவள்.

கஸ் கொக்கியிலிருந்து கையை எடுத்தான். "வாண்டா, இன்னிக்கு வேணாமே. உங்கப்பா..."

"பலகையில அப்பா செத்த நாளுக்கு லீவுன்னு எழுதியிருக்கா?"

லென்னி கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். கோபப்பட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்திருக்கும். "இந்தக் காரு பக்கத்துல ஒஹையோவுல செஞ்சது. நம்மாளுங்க கையால செஞ்சது. அந்தா நிக்குதே உன் காரு, அது மெக்ஸிகோவுலேர்ந்து வந்தது. எத இழுக்கணும்னு நீயே பாத்துக்க," என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தான். நான் என் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் ஏறச் சொன்னேன். ஏறவில்லை. பனியில் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் வேலையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "மனுஷியாடி நீ? பெத்தவர அடக்கம் பண்ணுன அன்னிக்கு இப்படியா செய்வாங்க?"

"போன மாசம் நம்மகூட வேலை பாக்குற ரீட்டாவோட மக காரை இழுத்தேன். இப்ப தம்பின்னதும் விட்டுட்டா என்ன சொல்லுவாங்க?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

"நான் கதவுல நிக்கிறவ, டெஸ்ஸா. கதவுல நிக்கிறவளுக்குத் தம்பி கிடையாது."

அந்தப் பக்கம் ஒரு சீட், இந்தப் பக்கம் ஒரு சீட் என்று மாட்டிக்கொண்டே அன்றைக்கு முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. அவள் அழுதிருந்தாள் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் லென்னியிடம் போய் ஒரு வார்த்தை சொன்னாளா என்றால் இல்லை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

2008 இலையுதிர் காலத்தில்தான் எங்கள் தலையில் கல் விழுந்தது. முதலில் பாங்குகள் படுத்தன. பிறகு கார் வாங்க யாருக்கும் கடன் கிடைக்கவில்லை. கார் விற்கவில்லை. நாட்டின் மூன்று பெரிய கார் கம்பெனித் தலைவர்களும் அரசாங்கத்திடம் கை நீட்ட வாஷிங்டனுக்குப் போனார்கள். எதில் போனார்கள் தெரியுமா? ஆளுக்கு ஒரு சொந்த விமானத்தில். சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"பிச்சைக்குப் போறவன் பழைய கோட்டாவது போட்டுட்டுப் போவான்," என்றார் சங்கத் தலைவர் செஸ்டர். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அதையே மூன்று தடவை சொன்னார்.

அதைவிட அதிர்ச்சி என்னவென்றால், நாட்டில் பாதிப்பேர் எங்களைச் சாகவிடச் சொன்னார்கள். நல்ல டை கட்டிய ஒருவர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, விழுகிற கம்பெனி விழட்டும், அதுதான் ஆரோக்கியம் என்று விளக்கினார். ஆரோக்கியமாம். வாண்டா கையிலிருந்த சாண்ட்விச்சை அவர் முகத்தின் மேல் எறிந்தாள். டிவி கண்ணாடியில் கடுகுச் சாறு வழிந்தது. "பாங்குக்காரனுக்கு மூட்ட மூட்டயா அள்ளிக் குடுத்தீங்களே, அவன எவனாவது ஒரு கேள்வி கேட்டீங்களாடா? நாங்க செஞ்ச கார்ல போய்த்தானடா நீ டை வாங்குன," என்று அந்த ஆளையே நேரில் கேட்பதுபோலக் கேட்டாள்.

தொழிற்சாலை நின்றால் வாண்டாவுக்கு ஒன்றுமே மிச்சமில்லை. எனக்குப் புருஷன், பிள்ளைகள், சர்ச்சில் பாட்டு என்று நாலு இடம் இருந்தது. அவளுக்கு இருந்த ஒரே மனுஷனை அவளே இழுத்துப் போகச் சொல்லிவிட்டாளே.

டிசம்பர் முதல் வாரம் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து மெரிடித் என்று ஒரு இளம்பெண் வந்தாள். ஊரில் ஒரு கூட்டம் போட்டு, மக்கள் பேசுவதைப் படம் பிடித்துக்கொண்டு போய் வாஷிங்டனில் காட்டப் போகிறார்களாம். செஸ்டரிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள்.

"சங்கத்து ஆளுங்க பேசினா அங்க யாரும் காதுல வாங்க மாட்டாங்க சார். உங்களுக்கு வேலை போயிடும்னு அழறீங்கன்னுதான் சொல்லுவாங்க. சங்கத்துலயும் இல்லாம, கம்பெனியிலயும் இல்லாம ஒருத்தர் வேணும். சின்னத் தொழில் பண்ணுனவர் யாராச்சும் இருந்தா நல்லது."

செஸ்டர் வாண்டாவைப் பார்த்தார். நான் வாண்டாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் என்னையும் இழுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாள். தனியாகப் போக அவளுக்குப் பயம். லென்னி ஏதோ ஒரு கிழவருக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் எந்திரத்தை நிறுத்தவில்லை. கிழவர் போன பிறகு, "உங்களுக்கு என்ன வேணும், டெஸ்ஸா?" என்று என்னைக் கேட்டான். அவள் அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம் லென்னி. இவளுக்குத்தான்."

வாண்டா விஷயத்தைச் சொன்னாள். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள் நடுவில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

லென்னி சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "என் பட்டறைய மூடுனப்ப எந்த மெரிடித் வந்தா? என் இருபது பேருக்கு யாரு கேமரா தூக்கிட்டு வந்தா? நீ வந்தியா? இப்ப அவனுங்க வீட்டுல நெருப்புப் புடிச்சதும் நான் வாளி தூக்கணுமா?"

"அவனுங்களுக்காக இல்லடா."

"பின்ன யாருக்கு?"

"எனக்கு," என்றாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு என்று அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

அவன் வெட்டின சாவித்தூளை ஊதித் தள்ளினான். கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டே இருந்தான். "வரேன். ஆனா என் வண்டியிலதான் வருவேன். அந்தப் பலகைக்குக் கீழதான் நிறுத்துவேன். நான் திரும்பி வர்றப்ப ஒரு கீறல் இருக்கக் கூடாது. என்ன பேசணும்னு நீங்க யாரும் சொல்லித் தரக் கூடாது."

"எங்களுக்கு எதிரா பேசுவியா?"

"பேசுனாலும் பேசுவேன்."

வாண்டா சரி என்றாள்.

கூட்டத்தன்றைக்கு நானூறு பேர் இருப்பார்கள். லென்னி சொன்னபடியே வந்து பலகைக்குக் கீழே நிறுத்தினான். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் இருந்த கோபத்துக்கு ஒரு ஜப்பான் கார் அங்கே ஐந்து நிமிஷம் முழுசாக நின்றிருக்காது. சங்கப் பிக்னிக்கில் ஒரு டாலர் கொடுத்தால் சம்மட்டியால் ஜப்பான் காரை ஒரு அடி அடிக்கலாம் என்று விளையாட்டு வைக்கிற ஊர் இது. வாண்டா பனி வாருகிற மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் காரின் முன்னால் போய் நின்றாள். பெரிய ராய் என்று, தகடு அழுத்துகிற பிரஸ் பிரிவில் ஒருத்தன், ஆறரை அடி ஆள், கிட்டே வந்து சக்கரத்தை எட்டி உதைத்தான்.

"சிஸ்டர், இதையா நீ காவல் காக்குற?"

"இன்னொரு தடவ கால் பட்டுச்சுன்னா அந்தக் கால் உனக்கு இருக்காது ராய். உள்ள போ."

ராய் வாயைப் பிளந்துகொண்டு உள்ளே போனான். இதுவரைக்கும் நான் பார்த்தேன். பிறகு எனக்கும் குளிர் தாங்கவில்லை, உள்ளே போய்விட்டேன். அவள் மட்டும் கடைசி வரைக்கும் வெளியேதான் நின்றாள்.

முதலில் நாலைந்து பேர் பேசினார்கள். எல்லாம் நாங்கள் ஏற்கனவே ஒருவருக்கொருவர் பேசி அலுத்தவை. பிறகு லென்னியைக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல், எங்களைப் பார்த்தே பேசினான்.

"இங்க இருக்குற பாதிப் பேருக்கு என்னப் புடிக்காது. எனக்கும் உங்களப் புடிக்காது. அத மொதல்லயே சொல்லிடறேன். அவனுங்க விமானத்துல போய்ப் பிச்சை கேட்டத டிவியில பாத்தேன். பாத்துட்டு ஒரு பீர் தொறந்தேன். ரொம்ப நாள் கழிச்சு ருசியா இருந்துச்சு."

நாற்காலிகள் கரகரத்தன. யாரோ அவனை உட்காரச் சொன்னார்கள். செஸ்டர் கையைக் காட்டி அடக்கினார்.

"என் பிராக்கெட்டும் வெளியிலேர்ந்து வர்றதும் ஒண்ணுதான், அது மலிவுன்னு எங்கிட்ட சொன்னாங்க. ஒண்ணுதான்னா நான் என்ன பண்ண முடியும்? நம்பிட்டேன், மூடிட்டேன். என் பசங்க இருபது பேரு. ஒருத்தன் இப்ப கரடிப் பொம்ம வேஷம் போட்டுக்கிட்டு ரோட்டோரம் நின்னு நோட்டீஸ் காட்டுறான். ஒருத்தன் தூக்கு மாட்டிக்கிட்டான். சரி. இப்ப கம்பெனி விழட்டும்னு சொல்றாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா அவனுங்க மேல இருக்காங்க, மெத்து மெத்துன்னு ஏதாவது ஒண்ணு மேலதான் விழுவாங்க. திங்கக்கெழம கம்பெனி நின்னா, வெள்ளிக்கெழம டொலீடோவுல ஸ்ப்ரிங் செய்யறவன் நிப்பான். அவன்தான் மத்த கம்பெனிக்கும் ஸ்ப்ரிங் குடுக்கறான். அவன் நின்னா ஜப்பான்காரன் காரும் நிக்கும். இத டை கட்டிக்கிட்டுப் பேசறவனுக்கு யாரு சொல்றது? மூடுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அது என்னோட நிக்கட்டும். பணத்தக் குடுங்க. ஆனா அவனுங்க சட்டையப் புடிச்சுக்கிட்டுக் குடுங்க. சின்னப் பட்டறைக்காரனுக்கு மொதல்ல பணம் போகணும்னு சொல்லிக் குடுங்க. அவ்ளோதான்."

கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய ராய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெரிடித் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராக்காரனிடம் பதிவாயிற்றா என்று கேட்டாள். நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். எங்களை வெறுக்க ஊரிலேயே அதிக நியாயம் இருந்தவன் அவன்.

வெளியே வாண்டா மூக்கு சிவக்க அதே இடத்தில் நின்றாள். "என்ன பேசுன?" என்று கேட்டாள்.

"உள்ள வந்து கேட்டிருக்கலாமே."

"உன் காருக்குத்தானே காவல் நின்னேன்."

"அப்ப டெஸ்ஸாகிட்ட கேட்டுக்க," என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

நான் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். "லென்னியா? நம்ம லென்னியா சொன்னான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தூக்கு மாட்டிக்கொண்டவன் விஷயம் அவளுக்கு அதுவரை தெரியாது. எனக்கும்தான் தெரியாது. எட்டு மைல் தள்ளி இருந்த பட்டறை அது.

அடுத்த வாரம் செனட்டில் ஓட்டுப் போட்டு எங்களைக் கைகழுவினார்கள். தொழிற்சாலையில் அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால், பாங்குகளுக்கு ஒதுக்கின பணத்திலிருந்து கார் கம்பெனிகளுக்கும் கடன் தருகிறோம் என்று வெள்ளை மாளிகையே சொல்லிவிட்டது. நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினோம். செஸ்டர் அழுதார். வாண்டா அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், போலந்துக்காரர் வழக்கமான மீன் சாப்பாட்டுக்குத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வந்தான். இரண்டு பேரும் ஹெர்ரிங் மீனில் உப்பு சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசினார்களாம். அதுவே பெரிசு என்று நான் நினைத்தேன். பழசுக்கு அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவனும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

2009 ஜூன் முதல் திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு, கார்கள் நகர்ந்து வருகிற வரிசையை நிறுத்தினார்கள். பாதி மாட்டின சீட்டோடு ஒரு கார் எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. மேலாளர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று படித்தார். கம்பெனி திவால் மனு போட்டிருக்கிறது. அரசாங்கம் இன்னும் பணம் தரும், கம்பெனி பிழைக்கும். பிழைப்பதற்காக இன்னின்ன தொழிற்சாலைகளை மூடுகிறார்கள். ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தார். ஹார்ட்வெல் என்று படித்தார்.

யாரோ சிரித்தார்கள். தப்பாகப் படித்துவிட்டார் என்று நானும் நினைத்தேன். நாங்கள்தானே கேட்டோம்? எங்களுக்காகத்தானே கேட்டோம்? அரசாங்கம் பணம் தர வேண்டுமானால் கம்பெனி இளைத்துக் காட்ட வேண்டுமாம். வெட்டி எறிகிற சதை நாங்கள் என்று டிசம்பரில் ஒரு நாய்கூட எங்களிடம் சொல்லவில்லை. கொடுத்தது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன், எத்தனையோ ஊர் பிழைத்தது. எங்கள் ஊர் பிழைக்கவில்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாண்டா குனிந்து அந்தப் பாதிச் சீட்டை முழுசாக மாட்டி முடித்தாள். பிறகுதான் கையுறையைக் கழற்றினாள்.

மத்தியானம் அவளைத் தனியே விட பயந்து அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் வேலை பூட்ஸோடு உட்கார்ந்திருந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் லென்னி உள்ளே வந்தான். கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறான், ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"பேரு வந்துடுச்சாமே," என்றான்.

"வந்துடுச்சு."

"நான்தான் குடுங்கன்னு சொன்னேன். நான் பேசுனத அங்க போட்டுக் காட்டுனாங்களாம். நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கணும், வாண்டா."

"நீ பேசாம இருந்திருந்தா எல்லாத்தையும் மூடியிருப்பாங்க. உக்காரு."

அவன் உட்காரவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "லென்னி, உன் பட்டறைய மூடுன அன்னிக்கு நீ எங்க போன?"

"இதக் கேக்க உனக்கு நாலு வருஷம் ஆயிருக்கு."

"ஆயிருக்கு. சொல்லு."

"இங்கதான் வந்தேன். பசங்களை எல்லாம் அனுப்பிட்டு, பூட்டிட்டு, நேரா உன் வீட்டு வாசலுக்குத்தான் வந்தேன். நீ வேலை முடிஞ்சு வருவேன்னு படியில உக்காந்திருந்தேன். இருட்டுற வரைக்கும் பாத்தேன். நீ வரல. யாருகிட்டயும் சொல்லத் தோணல, போயிட்டேன்."

வாண்டா என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. அவளுக்கு எந்த நாள் என்று புரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கும் புரிந்தது.

"அன்னிக்கு எங்களுக்கு ஓவர்டைம்," என்றாள்.

"தெரியும். அப்புறம் கேள்விப்பட்டேன்."

"எதுக்கு ஓவர்டைம்னு தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"உன்னுதுக்குப் பதிலா புது பிராக்கெட் வந்த நாள் அது. துளை எல்லாம் தள்ளி இருந்துச்சு. நானும் இவளும் ஒவ்வொண்ணா அரத்த வெச்சு ராவி, துளையப் பெருசாக்கி மாட்டிட்டு இருந்தோம். அந்த வாரம் முழுக்க அதான் வேலை. ஓவர்டைம் கெடைச்ச சந்தோஷத்துல பாட்டுப் பாடிக்கிட்டே ராவுனோம்டா."

லென்னி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பட்டறை போனதைப் பற்றி அவன் கேட்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்ததைப் பற்றியும் கேட்கவில்லை.

"பொருந்தலையா?" என்று கேட்டான்.

"ஒண்ணுகூடப் பொருந்தல."

அவன் மெல்ல உட்கார்ந்தான். இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னுதும் அதுவும் ஒண்ணுதான்னு நான் நம்பிட்டேனே," என்றான். "இத யாராச்சும் ஒருத்தர் எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, வாண்டா."